மோதிர விரலும் ஒரு வியாழக்கிழமையும்

தினமும் காலையில் பல் துலக்கியதும் சாப்பாட்டு மேஜையின் மேல் வலது உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறேன். எனக்கு எழுபத்து மூன்று முடிந்து நான்கு மாதம். கைக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு பென்சிலை உருட்டுகிறேன். மூன்று வருடம் முன்பு பென்சில் முட்டி நின்றது. போன வருடம் பாதி தூரம் போனது. இப்போது இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் வந்து விழுகிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி வளைந்துவிட்டன. வலி கிடையாது. முகம் கழுவும்போது விரல் கண்ணில் குத்துகிறது, சட்டைப் பையில் கை மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி என் மனைவி இதுவரை பதினோரு தடவை சொல்லிவிட்டாள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். காரணத்தை அவளிடம் சொன்னதில்லை.

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு இதை எழுதச் சொன்னவர் சுகுமார். எனக்குக் கீழே வேலை பார்த்தவர், இன்னும் பணியில் இருக்கிறார். "சார், சர்க்கரை நோயாளிங்க கையை எல்லாம் இப்ப விரிச்சுப் பாக்கச் சொல்றாங்க. விரல் மடங்கறது எந்த வயசுல எத்தனை பேருக்குன்னு நீங்க ஒரு தடவை வீடு வீடா போய் எண்ணினீங்களாமே. அதை எழுதுங்க" என்றார்.

அந்த எண்களை எழுத மாட்டேன். பதிவேடுகள் இப்போது இல்லை. காகிதம் இல்லாத எண் வெறும் வதந்தி. வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நினைத்து வந்திருக்கிறேன், இந்த வயதில் மாற்றிக்கொள்ள முடியாது. பதிவேட்டில் ஏறாத ஒன்றை எழுதுகிறேன்.

நான் தொழுநோய் ஆய்வாளராக இருந்தவன். செங்கல்பட்டில் பயிற்சி, ஒரு சைக்கிள், தோளில் ஒரு பை. இருபத்தாறு வயதில் வேலைக்கு வந்தேன். தோலில் வெளுத்த தேமல் தேடுவது, தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, நரம்பு தடித்திருக்கிறதா என்று முழங்கையைத் தடவுவது, மாத்திரை அட்டை கொடுப்பது, எண்ணுவது. இதில் கடைசி வேலைக்குத்தான் நான் பிறந்தேன் என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். ஒரு கிராமத்தில் எத்தனை கதவு, எத்தனை பூட்டு, எத்தனை நாய் துரத்தியது என்பது வரை என் சட்டைப்பைக் குறிப்பேட்டில் இருக்கும்.

தொண்ணூறுகளில் கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்கள் என் பொறுப்பு. கடற்கரைச் சாலையில் ஒரு வாடகைக் கட்டடத்தில் வாரம் ஒரு நாள் கிளினிக். அது வியாழக்கிழமை. நாங்கள் யாரும் பலகை மாட்டவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். நோயின் பெயரைச் சொல்லக் கூசியவர்கள் கிழமையின் பெயரைச் சொன்னார்கள். "அவன் வியாழக்கிழமைக்காரன்" என்றால் புரிந்துகொள்ள வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள், "அந்த வூட்ல வியாழக்கிழமை ஏதாச்சும் கீதா?" என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். ஒரு தையற்காரர் என்னிடம், "துணி புதனுக்கு மறுநாள் ரெடி சார்" என்றார். வியாழன் என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு: கிழமையை வாயால் சொல்லக் கூடாது. சிறு சீட்டில் எழுதி, மடித்து, கையில் வைக்க வேண்டும்.

அந்த விதியை நான் ஒரே ஒரு முறைதான் மீறினேன்.

புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் தாஸ் மாஸ்டர் டீக்கடை. தாஸுக்கு அப்போது ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயது இருக்கும். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர். குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு கூரையும் ஒரு பாய்லரும் வைத்தவர் இவர்தான். பாய்லர் மேல் ஒரு சிலுவைப் படம், ஆவியில் நனைந்து நனைந்து சுருண்டுபோனது. காலை ஷிப்டுக்குப் போகிற அணுமின் நிலைய டவுன்ஷிப் ஊழியர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு கிளாஸ், ஸ்டாஃப் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒரு கிளாஸ். நான் ஒரு நாளைக்கு இரண்டு. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், இருட்டுவதற்குள் நூற்று எண்பத்து நான்கு கிளாஸ் கழுவினார்.

அந்த டீயைப் பற்றி எழுதாமல் நகர முடியவில்லை. இஞ்சியில்லை, ஏலக்காயில்லை. டிகாஷன், பால், சர்க்கரை மூன்றும்தான். ஆனால் அவர் ஆற்றும்போது கிளாஸைப் பிடிக்கிற விதம் வேறு. சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கி ஒரு கூடு மாதிரி இருக்கும். கிளாஸ் அதில் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் கிளாஸ் அசையாது. நுரை விளிம்பில் நிற்கும், வழியாது. நான் இப்போது குடியிருக்கும் ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷன் சாலையில் ஒன்பது டீக்கடை இருக்கிறது. ஒன்பதிலும் குடித்துவிட்டேன்.

"இன்னா சார், இன்னிக்கு எத்தினி வூடு?" என்பார் தாஸ்.

"நாற்பத்து ஒன்று."

"நாய்?"

"மூன்று."

"கடிச்சுதா?"

"இல்லை."

"அதுங்களுக்கும் தெரிஞ்சிகீது, எலும்புல ஒண்ணும் தேறாதுன்னு."

பெஞ்சு சிரிக்கும். நானும் சிரிப்பேன். இப்படி ஐந்து வருடம். ஐந்து வருடமும் அந்தக் கையில் டீயை மட்டும்தான் பார்த்தேன். ஊரில் அத்தனை கையையும் விரித்துப் பார்த்தவன், எனக்கு நாளுக்கு இரண்டு தடவை நீட்டப்பட்ட கையைப் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தேன். பாய்லரிலிருந்து அப்போதுதான் வெந்நீர் பிடித்த கிளாஸ், ஆவி பறக்கிறது. தாஸ் அதை வெறும் கையால் எடுத்து, நிதானமாகக் கழுவி, நிதானமாக வைத்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. என் தலைக்குள் பயிற்சிப் புத்தகம் திறந்துகொண்டது: மடங்கிய மோதிர விரல், மடங்கிய சுண்டு விரல், சூடு தெரியவில்லை. அன்று அலுவலகக் கூட்டத்துக்குப் போக நான் பிடிக்க வேண்டிய பஸ் வந்துவிட்டது, கண்டக்டர் விசில் ஊதுகிறார். பையில் சீட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிச் சொன்னேன்:

"தாஸ், வியாழக்கிழமை வாங்க."

பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். பஸ் நகரும்போது எண்ணினேன். ஏழு பேரும் கிளாஸை உதட்டிலிருந்து எடுத்திருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை தாஸ் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாதா கோயிலுக்குப் போகிற மாதிரி. அன்று கிளினிக்குக்கு வந்திருந்தவர் கை அறுவை மருத்துவர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் மேடம் என்போம். என்னைவிட இரண்டு வயது இளையவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம்: நோயாளியைக் கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் தன் கையை மேஜையில் வைப்பார், உள்ளங்கை மேலே பார்க்க. பிறகு சும்மா இருப்பார். நோயாளியின் கை தானாக வந்து அதன் மேல் உட்காரும். இருபது வருடம் எல்லோரும் தொடப் பயந்த கைகள் அப்படி வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தாஸின் கையும் வந்தது.

மேடம் முதலில் முழங்கையின் உட்பக்கம் நரம்பைத் தடவினார். தடிப்பு இல்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் ஒன்பது இடத்தில் தொட்டார். தொட்ட இடத்தைத் தாஸ் இடது கை விரலால் காட்ட வேண்டும். ஒன்பதும் சரி. மடங்கிய விரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார். நரம்பு செத்து மடங்கிய விரல் ஆரம்பத்தில் நாம் நிமிர்த்தினால் நிமிரும், இது நிமிரவில்லை. பிறகு உள்ளங்கையில் மோதிர விரலுக்கு நேர் கீழே என் விரலை எடுத்து வைத்தார். தோலுக்கு அடியில் ஒரு கயிறு ஓடியது. பக்கத்தில் தோல் குழிந்து ஒரு முடிச்சு.

"மாஸ்டர், கிளாஸ் சுடலையா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"சுடும் மேடம். சுட்டா இன்னா பண்றது, கீழ போட்றதா? கிளாஸ் யாருது?"

மேடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"இது அந்த நோய் இல்ல. உள்ளங்கைத் தோலுக்கு அடியில ஒரு சவ்வு இருக்கு. வயசாக ஆகச் சில பேருக்கு அது தடிச்சு, சுருங்கி, விரலை இழுக்கும். ஒட்டாது, பரவாது, உயிருக்கு ஒண்ணும் பண்ணாது." அதற்கு ஒரு வெளிநாட்டு மருத்துவரின் பெயரைச் சொன்னார், என் வாயில் அது நுழையவே இல்லை. தாஸை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "வரச் சொல்றதுக்கு முன்னாடி தொட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லை மேடம்."

"கடையில எத்தனை பேர் இருந்தாங்க?"

"ஏழு பேர்."

"அந்த ஏழு பேர்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வாங்க."

ஆறு நாள் ஆயிற்று. ஏழு பேரையும் வீடு தேடிப் போனேன். முதல் ஐந்து பேர் "சரி சார்" என்றார்கள். ஆறாவது ஆள் டவுன்ஷிப்பில் எலக்ட்ரீஷியன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணுமே இல்லன்னா நீ இன்னாத்துக்கு சார் வூடு வூடா வந்து சொல்லிகினு கீற?" என்றார். ஏழாவது ஆள் கதவைத் திறக்கவில்லை. வாசலில் என் சைக்கிளைப் பார்த்ததும் பக்கத்து வீட்டார் உள்ளே போய்விட்டார்கள். நான் நின்ற வாசல் எல்லாம் வியாழக்கிழமை வாசல் ஆயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

கடையில் கிளாஸ் குறைந்தது. நூற்று எண்பத்து நான்கு, இரண்டு மாதத்தில் அறுபதுக்கு வந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். நான் இரண்டு டீயை நான்காக்கினேன்.

அந்தச் சமயம்தான் மேடம் இப்படி மடங்கிய விரல்களை எண்ணலாம் என்று முடிவு செய்தார். குளிர் நாடுகளில் வயதான ஆண்களிடம் இது சகஜம் என்றும் நம் பக்கம் அபூர்வம் என்றும் அவருடைய புத்தகங்கள் சொல்லின. "அபூர்வமா, இல்ல யாரும் பார்க்கலையா?" என்றார். "நம்ம ஊர்ல விரல் மடங்கினா ரெண்டே பெயர்தான் வைக்கிறாங்க. ஒண்ணு வியாழக்கிழமை, இன்னொண்ணு வயசு. நடுவுல ஒண்ணு இருக்குன்னு காட்டணும்."

என் வாழ்க்கையின் சிறந்த பதினான்கு மாதங்கள் அவை. பெரும்பாலான வீடுகளில் மேஜை இல்லை. அதனால் பிள்ளைகளின் பரீட்சை அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டேன். அதைத் தரையில் வைத்து, முதலில் என் கையைக் கவிழ்த்துக் காட்டுவேன். என் கை அப்போது தோசைக்கல்லில் வார்த்த மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு அவர்கள் கை. பென்சில் நுழைந்தால் ஒரு கோடு, நுழையாவிட்டால் வேறு கட்டத்தில் கோடு. ஆண், பெண், பத்துப் பத்து வயதாகப் பிரித்த கட்டங்கள், சர்க்கரை உண்டா இல்லையா.

கை சுலபம். வயதுதான் என்னைக் கொன்றது. எல்லோருக்கும் நாற்பது, ஐம்பது, அறுபது. நாற்பத்து மூன்று வயது என்று ஒருவருக்கும் இல்லை. அறுபது கட்டம் வீங்கிக்கொண்டே போனது. மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு குப்பத்தில் ஒரு அம்மாள், "வயசா? ரேஷன் கார்டுல ஒண்ணு கீது, ஓட்டு லிஸ்ட்டுல ஒண்ணு கீது. உனக்கு எது வோணும் நைனா?" என்றாள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்கு நிலம் எடுத்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, முதல் குழந்தை நடந்ததா என்று கேட்டுக் கேட்டு வயதைக் கட்டினேன்.

வெறும் கண்ணுக்கே தெரிந்ததைச் சொல்லலாம். நாற்பதுக்குக் கீழே கட்டங்கள் கோடை ஏரி மாதிரி காய்ந்து கிடந்தன. ஐம்பதில் ஈரம் தட்டியது. அறுபதுக்கு மேல் கோடுகள் நெருங்கின. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவு, வந்தாலும் தாமதம். சர்க்கரைக்காரர்கள் எல்லாக் கட்டத்திலும் தலை நீட்டினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இருந்தது. கோயில் தர்மகர்த்தாவுக்கு இருந்தது. டவுன்ஷிப்பில் ஒரு பெரிய பொறியாளரின் அப்பாவுக்கு இருந்தது. ஒருவர்கூட முறையிட்டதில்லை. "வயசானா வளையாதா சார்?" என்றார்கள்.

எண்ணிக்கை தொடங்கிய மூன்றாம் வாரம் தாஸ் கிளினிக்குக்கு வந்தார். வியாழக்கிழமையேதான், எல்லோரும் பார்க்க. வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: "மேடம், இந்த ஆளு வூடு வூடா எண்றாரே, அதை என் கடையில வெச்சு எண்ணச் சொல்லுங்க. பெஞ்சு கீது. டீ நான் தரேன். பெரிய பெரிய ஆளுங்க வந்து கையை வெப்பாங்க. நாலு பேரு கை என் கை மாதிரியே கீதுன்னு ஊரு பாக்கட்டும்."

மேடம் என்னைப் பார்த்தார். "எண்றவர் நீங்க. என்ன சொல்றீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. "முடியாது மேடம்" என்றேன். "டீக்கடைக்கு ஆண்கள்தான் வருவார்கள். நடக்க முடிந்தவர்கள்தான் வருவார்கள். விரல் மடங்கியவர்கள் வேடிக்கை பார்க்க அதிகம் வருவார்கள், அல்லது வெட்கப்பட்டு வரவே மாட்டார்கள். கணக்கு கெட்டுப்போகும்."

மேடம் மேஜை மேல் இருந்த தன் கையை எடுத்துக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான்" என்றார்.

சரிதான். இன்றைக்கு எந்த நிபுணரைக் கேட்டாலும் நான் சொன்னது சரி என்பார்கள். தாஸ் தலையாட்டிவிட்டுப் போனார். கணக்கு ஒரு கறை இல்லாமல் முடிந்தது. அது முடிய நான்கு மாதம் இருக்கும்போதே டீக்கடை மூடிவிட்டது. ஒரு நாள் காலை பாய்லர் இருந்த இடத்தில் கருகிய வட்டம் மட்டும் இருந்தது. நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, வராத டீக்காகப் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.

இரண்டாயிரங்களில் எங்கள் பிரிவைப் பொது சுகாதாரத்தோடு சேர்த்துவிட்டார்கள். வாரத்தில் எந்த நாளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து மாத்திரை வாங்கலாம். நல்ல மாற்றம். வியாழக்கிழமை மறுபடியும் வெறும் கிழமை ஆயிற்று. வாடகைக் கட்டடத்தைக் காலி செய்தபோது ஈரம் ஏறிய பதிவேடுகளைக் கட்டிக் கட்டி ஒரு வண்டியில் ஏற்றினார்கள். என் பதினான்கு மாதமும் அதில் போயிற்று. மேடம் அதற்கு முன்பே வேறு ஊருக்கு மாறிவிட்டார். அவருடைய நகலை எங்காவது அச்சேற்றினாரா என்று நான் கேட்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு தாஸைப் பார்த்தேன். மாமல்லபுரத்தில் சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. விரல்கள் இன்னும் நன்றாக மடங்கி, டோக்கன் கட்டு அந்தக் கூட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"இன்னா சார், எத்தினி வூடு?" என்றார்.

"இப்போதெல்லாம் வீட்டுக்குப் போவதில்லை, தாஸ்."

"நாயிங்க பாவம்" என்றார்.

டீ போடுகிறீர்களா என்று கேட்டேன். வீட்டில்கூடப் போடுவதில்லையாம், மருமகள் போடுகிறாளாம். பிறகு அவரே கேட்டார்: "உன் கணக்குல நான் எந்தக் கட்டத்துல கீறேன் சார்?"

"ஆண், ஐம்பது முதல் ஐம்பத்தொன்பது."

"அந்தக் கட்டத்துல என் மாதிரி எத்தினி பேரு?"

சொன்னேன். எண்ணைக் கேட்டதும் அவர் கிழித்துக்கொண்டிருந்த டோக்கனை நிறுத்தினார்.

"அத்தினி பேரா?" என்றார். கோபமே இல்லாத குரல். "கணக்குல சேக்காம, சும்மா ஒரு நாள் கூட்டிக்கினு வந்திருக்கலாமே சார்."

ஒரு வேன் வந்தது. அவர் போய்விட்டார்.

கணக்கில் சேர்க்காமல். என் ஐம்பது வருடப் படிப்பிலும் வேலையிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைமையாசிரியர், தர்மகர்த்தா, பொறியாளரின் அப்பா, மூன்று பேர், மூன்று டீ. பதிவேடே தேவையில்லை.

அதன் பிறகு அவரைத் தேடி ஐந்து முறை மாமல்லபுரம் போனேன். டோக்கன் கிழிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இப்போது சாயங்காலங்களில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் போகிறேன். ஒன்பது கடையில் பெஞ்சு போட்ட கடை ஒன்றுதான். டீ சுமார். கிளாஸை என் மடங்கிய விரல்களின் நடுவே உட்கார வைத்துக்கொள்கிறேன். உண்மையிலேயே அசையாமல் நிற்கிறது. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தாம்பரத்தில் வேலை முடிந்து மின்சார ரயிலில் வந்தவர், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "இன்னா பெருசு, விரலு?"

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இது வயசானா சில பேருக்கு வர்றது. ஒட்டாது. உங்க கையைக் காட்டுங்க."

கேட்டுவிட்டு, என் கையை முதலில் பெஞ்சு மேல் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அடியில் உருட்டினேன். டீ மாஸ்டர் வடிகட்டியைத் தூக்கியபடி எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தன் கையைப் பக்கத்தில் வைத்தார். நடு வயது, கை தட்டையாக ஒட்டியது. அவருக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர் சொல்லாமலே தன் கையை நீட்டினார். அதில் பென்சில் நுழைந்தது.

இதுவரை முப்பத்து நான்கு கைகள். எல்லாம் ஆண்கள், எல்லாம் டீ குடிப்பவர்கள், எல்லாம் நடக்க முடிந்தவர்கள். முழுக்கக் கெட்டுப்போன கணக்கு. எங்கும் எழுதி வைக்கவில்லை.